பிரான்ஸ் நமக்கு வந்த வழி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு பிரான்ஸ் முதலில் வந்தது துப்பாக்கியோடு. 1751-இல் வால்கொண்டாபுரத்தில், ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம், சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் முகம்மது அலிக்காக ஆங்கிலேயரும் நின்று சண்டை போட்டார்கள். பிறகு நம் பக்கத்து இலக்கிய வாசகனிடம் பிரான்ஸ் வந்து சேர்ந்தது பேப்பர்பேக் புத்தகங்களில், ஆங்கிலத்தின் கை வழியாக. சார்த்தர், காம்யு, பார்த் எல்லோருமே லண்டனில் இறங்கி உடை மாற்றிக்கொண்டுதான் இங்கே வந்தார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த நானும் அந்த வரிசையில் நின்று வாங்கியவன்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வந்தது எது, வழியில் தங்கிப்போனது எது என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. தினமும் வரவு செலவை நேர் செய்கிற வங்கிக் குமாஸ்தாவுக்கு இது உறுத்துகிறது.

வந்தவை முடிவுகள். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-இல் வெளியானபோது அதில் ஒரு சிந்தனை முறையை விளக்கிச் சொல்லும் உழைப்பு இருந்தது. பின்னால் வந்த கட்டுரைகள் பலவற்றில் சொற்கள் இருந்தன, உழைப்பு இல்லை. தங்கிப்போனது, அந்த முடிவுகளுக்கு முன்னால் ஒரு சமூகம் பழகியிருந்த பார்வை. கண்முன் இருப்பதை அலுக்காமல் பார்க்கும் பார்வை.

இது வெறும் வாதமல்ல. அரியலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் போன பின் வேப்பிலையில் படியும் வெள்ளைப் புழுதி, சிமெண்ட் ஆலைச் சங்கு, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஆளில்லாத பஸ் நிலையம், இவைதான் அவர் உலகம். ஒரு பத்திரிகை அவற்றைத் திருப்பி அனுப்பியது. 'இருத்தல் சார்ந்த நெருக்கடி' இவற்றில் இல்லை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அவர் அந்தக் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பின் இரண்டு வருஷமாக ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் குறிப்பை எழுதியவர் காம்யுவை நிச்சயம் மேற்கோள் காட்டக்கூடியவர். ஆனால் 'அந்நிய'னில் என்ன நடக்கிறது? மெர்சோ ஒரு குமாஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். யார் போனார்கள், யார் வந்தார்கள், வெளிச்சம் எப்படி மாறியது, அவ்வளவுதான். எழுதியவரும் பாரிஸின் பிள்ளையல்ல. அல்ஜியர்ஸின் ஏழைப் பேட்டை ஒன்றில் வளர்ந்தவர். வெயிலை ஒரு தத்துவமாக அவர் வாங்கி வரவில்லை. அது தலையில் அடித்தது, எழுதினார். அரியலூர் வெயிலும் புழுதியும் அந்த ஆசிரியரைக் காம்யுவுக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோய் வைத்திருந்தன என்பதை, காம்யுவைப் படித்தவர்களால் பார்க்க முடியாமல் போயிற்று.

இதில் ஆங்கிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மெர்சோ தன் தாயைச் சொல்வது வீட்டுக்குள் புழங்கும் பிள்ளைச் சொல்லால். ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் 1946-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் அது 'மதர்' என்று விறைத்துப்போனது. 1988-இல் மாத்யூ வார்ட் வேறு வழி காணாமல் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே விட்டுவைத்தார். தமிழில் இந்தச் சங்கடமே கிடையாது. 'அம்மா' என்றால் போதும், பிள்ளையும் அதைத்தான் சொல்கிறான், கிழவனும் அதைத்தான் சொல்கிறான். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்து 1980-இல் க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' நம் கையில் இருக்கிறது. இருந்தும் நம்மில் பலர் ஆங்கிலத்தின் விறைப்பை மெர்சோவின் விறைப்பு என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு கோட்பாட்டையே கட்டிவிட்டோம்.

இன்னொரு பிரான்ஸும் நம் பக்கம் வந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தை பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியைச் சேர்ந்தவர்கள் கல் கல்லாக அளந்து வரைந்தார்கள். பியெர் பிஷார், பிரான்சுவாஸ் லெர்னோ முதலியோரோடு இல. தியாகராஜனும் சேர்ந்த அந்த நூல் 1994-இல் வந்தது. தலைப்பைத் தமிழில் 'தஞ்சாவூருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், கங்கைகொண்ட சோழபுரம்' என்று சொல்லலாம். அலெக்சாந்தர் தூமா 'மூன்று வீரர்க'ளின் தொடர்ச்சியாக 1845-இல் எழுதிய நாவலின் பெயர் 'இருபது ஆண்டுகளுக்குப் பின்'. ராஜராஜனின் கோயிலுக்கும் மகன் கோயிலுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்ல, பள்ளிப் பையன்களும் படிக்கும் ஒரு நாவலின் பெயர் அவர்கள் நாக்கில் வருகிறது. இலக்கியம் ஒரு சமூகத்தில் கலந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அதே கோயிலின் மதிற்கற்களை 1836-இல் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்நியன் வந்து பெயர்த்ததும் உண்டு, வந்து அளந்ததும் உண்டு. அந்தக் கோயிலைப் பற்றி நம் சிறுபத்திரிகை விமர்சகன் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறான்?

பிரான்ஸிலும் எல்லாம் பாரிஸில்தான், வெளியூர்க்காரனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மல்லார்மே என்ற ஆங்கில வாத்தியார் 1863 முதல் தூர்னோன் என்ற சிற்றூரில் பாடம் நடத்திப் புழுங்கினார். பெஸான்சோன், அவிஞோன் என்று மாற்றலாகி 1871-இல்தான் பாரிஸ் சேர்ந்தார். பின்னாளில் அவர் வீட்டுச் சின்ன அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடியவர்களில் வாலெரியும் ஜீதும் இருந்தார்கள். நம் வட்டங்களும் அதைவிடப் பெரிதல்ல. ஆனால் அங்கே வட்டத்துக்கு வெளியே ஒரு சமூகம் நிற்கிறது. புத்தகத்தின் விலையில் ஐந்து சதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது என்று 1981-இல் சட்டமே போட்டார்கள், சிறிய புத்தகக் கடை பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக. நமக்கு அந்தச் சட்டம் வராது. சமூகம் செய்யாத வேலையை இங்கே வட்டமே செய்தாக வேண்டும். குறைந்தபட்சம், எழுத வருகிறவனை நிறுத்திவிடாமலாவது இருக்க வேண்டும்.

அந்த ஆசிரியரின் நான்கு கவிதைகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டில் சொல் அதிகம். ஒன்றில் கடைசிப் பகுதி தேவையில்லை. பஸ் நிலையத்தைப் பற்றியது முழுக் கவிதை. இதை யாருடைய பெயரையும் துணைக்கழைக்காமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அவர் சம்மதித்தால், அடுத்த இதழுக்கு அதைத்தான் எழுதப்போகிறேன்.