வழியிற் கழிந்த இரவுகள்

உழைத்துக் களைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்கும் காசு வேண்டும் என்பது இக்காலத்து நியதியாகிவிட்டது. ஆசிரியன் ஒருவனின் சம்பளத்தில் விடுதி அறைக்கு இடமில்லை. ஆதலால் கூடாரமொன்றைச் சுமந்து சென்று, ஆற்றங்கரைகளிற் செலவின்றித் தங்கும் வழக்கம் நம்மவரிடையே பரவி வருகின்றது. அதனைக் குறைகூற நாம் வரவில்லை; நாமும் அவ்வாறு தங்கியவரே. ஆனால், எவர் நடந்த வழியில், எவருடைய நிலத்தில் நாம் படுத்திருக்கின்றோம் என்ற வினாவை எழுப்பாமல் அவ்வின்பத்தை நுகர்வது படித்தவர்க்குத் தகுமா?

ஆகஸ்ட் விடுமுறையொன்றில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி மோட்டார் சைக்கிளில் தனியே புறப்பட்டோம். மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என நீளும் அந்த வழி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி வந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், கோப்பித் தோட்டங்களை நாடிக் கங்காணியின் பின்னே கால்நடையாய்ச் சென்ற வழி இதுவே. காட்டிலும் ஆற்றங்கரையிலுமே அவர்களின் இரவுகள் கழிந்தன. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகிலும் அவர்களைப் பலிகொண்டன. தோட்டத்து விளைபொருளைக் கொழும்புக்கு இறக்க 1880 இலேயே மாத்தளைக்குப் புகைவண்டி வந்துவிட்டது. தொழிலாளி வந்திறங்கிய தலைமன்னாருக்கு இருப்புப்பாதை போட 1914 ஆயிற்று. சரக்குக்குக் கிடைத்த மதிப்பு சரக்கை விளைவித்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

நாலந்தாவைக் கடந்து, சுது கங்கையின் அருகே வண்டியை நிறுத்தினோம். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துள் வனத் திணைக்களத்தின் அனுமதியின்றி இரவு தங்கலாகாது. ஏனைய இடங்களில் நிலத்துக்குரியவரைக் கேட்பதே முறை. எனவே அருகிலிருந்த சிங்கள விவசாயி ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் பணம் வாங்க மறுத்தார். “கங்கைக்குக் கிட்டப் படுக்கவேண்டாம், மாத்தயா. இங்கே வானம் வெளுத்திருக்கும்; மேலே மலையில் மழை பெய்தால் இரவோடிரவாகத் தண்ணீர் ஏறிவிடும்” என்று சிங்களத்தில் எச்சரித்து, மேட்டுநிலத்தைத் தாமே காட்டித் தந்தார். அங்கே கூடாரம் அடித்து, ஆற்றுநீரைக் கொதிக்கவைத்து, சோறு சமைத்து உண்டோம். நீரோசை கேட்டபடி உறங்கினோம்.

விடியற்காலையில், பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் விறகு பொறுக்கிக்கொண்டு அவ்வழியே வந்தார். கூடாரத்தையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏந் தம்பி, வீடு வாசல் இல்லியா?”

“இருக்கிறது, அம்மா. விருப்பப்பட்டுத்தான் இங்கே தங்கினேன்.”

“எங்க பாட்டனுங்களும் இப்பிடித்தான் ஆத்தோரம் படுத்துப் படுத்து வந்தாங்களாம். விருப்பப்பட்டு இல்ல.” சற்று நின்று, “எங்களுக்குத்தான் இன்னமும் சொந்தமா ஒரு கையகல மண்ணு இல்ல” என்று சொல்லிவிட்டு விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் நாம் பாலைத்திணையைக் கற்றோம். பொருள்வயிற் பிரிந்த தலைவன் சுரங்கடந்த துயரைப் புலவர்கள் பாடினர். மாத்தளை வழியிற் சுரங்கடந்தவரோ ஈட்டிய பொருளைப் பிறருக்கே ஈட்டிக் கொடுத்தனர். அவர்களைப் பாடப் புலவரில்லை, அவர்களே பாடிக்கொண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டியிராவிடின் அக்குரலும் காற்றோடு போயிருக்கும்.

அந்த விவசாயியையும் இந்த மூதாட்டியையும் இருவேறு உலகத்தவர் என்று சொல்வோர் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என அறிவித்தது. உறுதிப்பத்திரம் என்பதையே அறியாத கண்டிக் குடியானவனின் சேனைநிலமும் காடும் கோப்பித் துரைமாரின் கைக்கு மாறின. பின்னர் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி வந்தது. ஆண்டில் 6 நாள் வீதிவேலை செய், அன்றேல் 3 சிலிங் கட்டு என்ற ஆணையும் வந்தது. 1848 இல் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்கினர். புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8 இல் சுட்டுக் கொல்லப்பட்டான். சிங்களக் குடியானவனிடமிருந்து நிலத்தைப் பறித்த கையே, தமிழ்த் தொழிலாளியை நிலமற்றவனாக அந்நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பறிகொடுத்த இருவரும் ஒருவரையொருவர் ஐயுறும்படி செய்ததே அந்த ஆட்சியின் பெரிய வெற்றி.

ஆட்சி மாறியபின் நிகழ்ந்தது என்ன? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. நாடற்ற நிலை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. குடியுரிமை வந்தது, மண்ணுரிமை வரவில்லை. அண்மைய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்றனர். ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதுவும் எட்டாத குடும்பங்கள் பல, இன்றும் லயத்தின் ஒற்றை அறையில் வாழ்கின்றன. அவ்வறைக்கும் அவர்கள் உரிமையாளர் அல்லர்.

மலையகத்தின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், முன்னோர் நடந்த தடத்திலேயே ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. நடந்தோர் கேட்டது இரக்கமன்று. சம உரிமை, நிலம், வீடு, நியாயமான கூலி என்பவற்றையே.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! விடுமுறையில் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள், கூடாரம் அடியுங்கள், நமது நாட்டின் மலையும் நீரும் உழைப்பவர் மகிழ்வதற்கும் உரியவை. செல்லும் வழியில் லயங்களின் வாசலிலும் சற்று நில்லுங்கள். முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை வகுப்பறையிற் படித்துக்காட்டுங்கள். சிங்கள மாணவர் அறிய அவர்களின் மொழியிலும் எழுதுங்கள். பயிரிட்டவனுக்கு நிலம் என்னும் கோரிக்கையை இரு மொழிகளும் ஒன்றாய் எழுப்பும் நாளில், அதனை எந்த ஆட்சியாலும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.