சேர், ஒரு சின்னச் சந்தேகம்

கணினி அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு நான் புறப்படும் வேளையிலேதான் மாணவர் எவரேனும் வந்து நிற்பர். "சேர், ஒரு சின்னச் சந்தேகம்" என்று தொடங்குவர். வகுப்பிலே, "விளங்காதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று இருமுறை கேட்டபோது உயராத கை, இப்போது புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கும். பிறர் நகைப்பரோ என்னும் அச்சம். அந்த அச்சத்தை ஊட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை, மனத்தை வருத்திய ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னரே உணர்ந்தேன். அதைச் சொல்லவே இதனை எழுதத் தொடங்கினேன். ஆயினும், இச்சந்தேகங்கள் எங்கிருந்து முளைத்தன என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஏ-9 வீதியிலே புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே இருப்பது எங்கள் கனகராயன்குளம். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் உறக்கத்திலேயே இதனைக் கடந்துவிடுகின்றனர். நான் கற்பிக்கும் கல்லூரியின் கணினி அறையில் உள்ளவை வயது முதிர்ந்த இயந்திரங்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழமையான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, பழைய கணினிகளை ஏற்பதில்லை; டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பழைய இரும்பாக எறிந்துவிட மனம் வரவில்லை. ஆகையால் லினக்ஸின்பால் திரும்பினோம். லினக்ஸ் மிண்ட் என்னும் வகைக்கு இரண்டு ஜிகாபைட் நினைவகமும் இருபது ஜிகாபைட் வன்தட்டு இடமும் இருந்தாற் போதும். விலையும் இல்லை. நான் விஞ்ஞானப் பட்டதாரியேயன்றிக் கணினியைத் துறைபோகக் கற்றவனல்லன். எனவே மாணவரும் ஆசிரியரும் ஒரே நாளில் அரிச்சுவடியைத் திறந்தோம் என்று சொல்லலாம்.

லினக்ஸ் பிறந்த கதையை அறிந்தவர்கள், சின்னச் சந்தேகங்களை இகழமாட்டார்கள். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே லினஸ் டோர்வல்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தாம் வாங்கிய 386 வகைக் கணினியில் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை எழுதத் தலைப்பட்டார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், இத்தகைய முறைமைகளுக்கான விதிமுறை ஏடு எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்களிடம் கணினி வலையமைப்பு வழியாகக் கேட்டார். ஓகஸ்ட் 25ஆம் திகதி, தாம் செய்துவருவது இன்னது என்று அறிவித்து, உங்களுக்கு என்ன வசதிகள் வேண்டும் என்றும் கேட்டார். கேட்டதனால் அவர் குறைந்துவிடவில்லை. 1992இல் அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் உரிமத்தின் கீழ் வெளியிட்டார். அவ்வுரிமத்தை வகுத்தவர், 1983இலே கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டோல்மன். இன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் 2017 முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் பிள்ளைகள் லினக்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான், "லினக்ஸ் என்றால் என்ன, சேர்?" என்று கேட்கிறார்கள்!

இனி, சந்தேகங்கள். முதலாவது, "சேர், சீ-யும் டீ-யும் எங்கே?" விண்டோஸிலே வன்தட்டின் பகுதிகளுக்கு எழுத்துக்களைப் பெயராக இட்டுப் பழகியவர்களுக்கு, லினக்ஸிலே எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பது திகைப்பாக இருக்கிறது. இதை விளக்கக் கரும்பலகை போதவில்லை. குளக்கட்டுக்கே அழைத்துச் சென்றேன். குளம் ஒன்று, துருசிலிருந்து புறப்படும் பெருவாய்க்கால் ஒன்று, அதிலிருந்து கிளைவாய்க்கால், அதிலிருந்து அவரவர் வயல். நீங்கள் சொருகும் பென் ட்ரைவும் இடையிலே வந்து சேர்ந்த ஒரு புதிய வயலே என்றேன். "அப்படியென்றால் துருசை ஆர் திறக்கிறது?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. நினைத்த கமக்காரன் நினைத்தபோது துருசைத் திறக்க முடியாது. அதற்கென அதிகாரம் பெற்றவர் வேண்டும். லினக்ஸிலும் முறைமையின் அமைவை மாற்றுவதற்கு 'சூடோ' என்னும் கட்டளையைச் சொல்லிக் கடவுச்சொல்லும் கொடுத்தல் வேண்டும்.

அதிலிருந்து அடுத்த சந்தேகம் பிறந்தது. மிகவும் தளர்ந்த இரண்டு கணினிகளில் டெபியன் என்னும் வகையை நிறுவியிருந்தோம். அதில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையிலே ஒன்றும் விழுவதில்லை. நட்சத்திரக் குறிகூட இல்லை. விசைப்பலகை பழுது என்று எண்ணி, ஒரு மாணவன் வேறொன்றைத் தேடி எடுத்து மாற்றி, அதுவும் பழுது என்று என்னிடம் கொண்டுவந்தான். பின்னால் நிற்பவர் எழுத்துக்களை எண்ணிவிடாதிருக்கும் பொருட்டே இந்த ஏற்பாடு. மிண்டிலே நட்சத்திரக் குறி விழும். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியர்க்கும் பழக்கம் வேறு.

மற்றொன்று மணிக்கூடு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் அருகருகே இருக்கையில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினாற் சில கணினிகளில் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்னே நிற்கும். லினக்ஸ் உள்மணிக்கூட்டிலே சர்வதேச நேரத்தை எழுதுகிறது; விண்டோஸோ அதனையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. ஒரே ஒரு கட்டளையால் இதனைச் சீர்ப்படுத்தலாம். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. 1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னே நகர்த்தியது. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், புலிகளின் ஆளுகைக்கு உட்பட்ட வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. வவுனியாவில் ஒரு நேரம், வன்னிக்குள்ளே வேறொரு நேரம்! இரண்டு மணிக்கூடுகளோடு வாழ்ந்து பழகிய எங்களுக்கு இஃதொரு புதுமையா?

ஆசிரியர்களின் சந்தேகம் வேறுவிதமானது. எங்கள் தமிழாசிரியர் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். தாம் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த வினாத்தாள்கள் அத்தனையும் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகி விட்டன என்றார். அவை பாமினி எழுத்துருவிலே தட்டப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் பூட்டிய எழுத்துரு. வேடத்தைக் களைந்தால் உள்ளே இருப்பது ஆங்கிலமே. அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் நிறுவியவுடன் வினாத்தாள்கள் தமிழாயின. அவர் முகமும் தெளிந்தது. புதிதாக எழுதுவதையேனும் யூனிகோட்டில் எழுதுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். அதற்குத் தமிழ்99, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் என இரு விசைப்பலகைகளும் லினக்ஸிலே கிடைக்கின்றன. தட்டச்சுப்பொறியில் விரல் பழகிய மூத்தோர்க்கு ரெங்கநாதன் இலகு. இளையோர்க்கு நான் பரிந்துரைப்பது முப்பத்தொரு விசைகளால் தமிழ் முழுவதையும் எழுதும் தமிழ்99. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளை நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இதனை மறந்து ஒரு பிற்பகல் முழுவதையும் வீணாக்கியவன் நானே.

இப்படிக் கேட்டும் திறந்துபார்த்தும் கற்றல் எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. போர்க்காலத்தில் எரிபொருளும் மின்கலமும் வன்னிக்குள் வரத் தடை இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டோம். இரண்டு துளி பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டால் மோட்டார்ச் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. 1997 மே மாதத்தில் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபின் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தபோது, திருத்துவேலை செய்யும் ஒருவருடைய கொட்டிலிலே மாலை நேரங்களைக் கழித்தேன். என்ன கேட்டாலும் அவர் வாயாற் சொல்லமாட்டார். கையிலுள்ளதை வைத்துவிட்டு, உரிய பொருளைக் கழற்றிக் காட்டுவார். அவர் கேள்வியை அளந்து பார்த்தவரல்லர். அந்தக் குணம் எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்துபோன மாமன் விட்டுச்சென்ற பழைய பொருள். விண்டோஸ் நகர மறுத்தது. லினக்ஸ் நிறுவித்தர வேண்டும் என்றாள். பென் ட்ரைவைச் சொருகினேன். அவள் மெல்லக் கேட்டாள்:

"சேர், ஒரு சின்னச் சந்தேகம். டீ-க்குள்ளே படங்கள் கிடக்கு. அது அப்பிடியே இருக்குமோ?"

"விண்டோஸ்தானே போகிறது, பிள்ளை. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றேன்.

அவள் பிறகு பேசவில்லை. நிறுவும்போது வன்தட்டை என்ன செய்வது என்று திரை கேட்டது. கல்லூரிக் கணினிகளில் இழப்பதற்கு ஒன்றும் இல்லாமையால், 'முழுவதையும் அழித்து நிறுவுக' என்பதையே எப்போதும் தெரிவுசெய்து என் கை பழகியிருந்தது. அன்றும் கை அதையே செய்தது. சீ மாத்திரமன்று, டீ-யும் போயிற்று. அரை மணித்தியாலத்துக்குள் புதிய திரை பளிச்சென்று எழுந்தது. அவள் கோப்புகளைத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவை, 2010இலே அவள் குடும்பம் ஊருக்குத் திரும்பிய காலத்தில் மாமன் எடுத்த படங்கள். தகரக் கொட்டில், இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு, அம்மப்பா. முந்திய படங்களெல்லாம் 2009இலே வழியில் தொலைந்தன. அம்மப்பாவும் இப்போது இல்லை. அவருடைய முகம் அந்த வீட்டிலே இருந்தது அந்த டீ-யில் மட்டுமே. இவ்வளவையும் அவள் அழாமலே சொன்னாள். எனக்குத்தான் நாவரண்டது.

கணினியை உடனே நிறுத்தினேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது. காணி உறுதி எரிந்துபோனாலும் காணி அவ்விடத்திலேயே கிடப்பதை நாங்கள் அறிவோம். வன்தட்டிலும் அவ்வாறே. அழிவது பெரும்பாலும் உறுதிதான். படங்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும், அவற்றின்மேல் வேறொருவர் வீடு கட்டும் வரையில். இது பழைய சுழல்தட்டுக்குப் பொருந்தும், புதிய எஸ்.எஸ்.டி. வகைக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மடிக்கணினி பழையதாயிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கிறிஸ்தோப் கிரெனியே என்பவர் எழுதிய போட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்றுண்டு. படக்கோப்பு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளத்தோடு தொடங்கும்; அந்த அடையாளத்தைத் தேடிக்கொண்டு இம்மென்பொருள் தட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்துபோகும். மடிக்கணினியைப் பென் ட்ரைவிலிருந்தே இயக்கி, மீள்பவற்றை வேறொரு வன்தட்டிலே எழுதச்செய்தேன். அதே தட்டில் எழுதினால் எஞ்சியதும் அழியும். இரவு முழுவதும் அது ஓடியது. மழை தூறிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றுவிடக்கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை.

விடியற்காலையில் அவளும் அம்மம்மாவும் வந்தார்கள். பெயரற்ற, எண் மாத்திரம் தாங்கிய படங்கள் பல நூறு மீண்டிருந்தன. சில திறக்கவில்லை. குளக்கட்டிலே அம்மப்பா நிற்கும் படத்தில் மேற்பாதி மட்டும் தெளிவாயிருந்தது. இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறம். அம்மம்மா அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்திருந்தார். "முகம் இருக்குத்தானே, தம்பி" என்றார்.

எண்களாகிவிட்ட படங்களுக்கு இப்போது அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பெயரிட்டு வருகிறாள். சென்ற கிழமை கணினி அறையைப் பூட்டும்போது வந்து நின்றாள்.

"சேர், படத்துக்குப் பேரைத் தமிழிலேயே வைக்கலாமோ?"

வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பூட்டைத் திறந்து, கணினியை இயக்கி, ஒரு படத்துக்குத் தமிழிலே பெயரிட்டு, மூடித் திறந்து பார்த்த பிறகே, "ஓம் பிள்ளை, வைக்கலாம்" என்றேன்.