டீசல் வடிகட்டியும் நமது கைகளும்

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இறுக்கி, அதிலெழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும்படி ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் அமைத்த எந்திரம், 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. அதற்குப் பகை இரண்டு: எண்ணெயில் கலந்த தூசு ஒன்று, நீர் மற்றொன்று. எண்ணெயைச் சீறவிடும் இன்ஜெக்டரின் துளைகள் மிக மிக நுண்ணியவை. பம்பின் உள்ளுறுப்புகளுக்கோ டீசலே மசகெண்ணெய். நீர் புகுந்தால் மசகு போய்த் துரு குடியேறும். இவ்விரு பகைகளையும் வழியிலேயே மறித்து நிற்பது சிறியதொரு தகரக் குடுவை. அதனையே டீசல் ஃபில்டர் என்கிறோம்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம்மவர் 'மிஸ்ஃபாத்' என்ற சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். அறபியில் சமையலறை வடிகட்டிக்கும் அதுவே பெயர். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் பேராலைக்கும் அதுவே பெயர். தெளிவைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழிலோ வடிகட்டிக்கு அத்துணை நற்பெயர் வாய்க்கவில்லை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்கிறது என்பதால், நன்னூலில் பவணந்தி முனிவர் நெய்யரியைக் கடை மாணாக்கனுக்கு உவமையாக்கிவிட்டார். முப்பது ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாமும் அவ்வுவமையைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆயினும் எஞ்சினின் பக்கம் நின்று பார்த்தால், நெய்யரியைப் போன்ற நல்ல பணியாள் வேறில்லை!

நமது காருக்கு வயது இருபதைக் கடந்துவிட்டது. காயல்பட்டினத்திலிருந்து உம்மாவை மாதம் இருமுறை திருநெல்வேலி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அதில்தான். சென்ற மழைக்காலத்தில், வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அதற்கு மூச்சுத் திணறலாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்வதும் அரிதாயிற்று. எண்பத்திரண்டு வயது உம்மாவைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு நெடுவழியில் நின்றுவிடக்கூடிய வண்டியை நம்பி எப்படிப் புறப்படுவது? ஃபில்டரை வீட்டிலேயே மாற்றத் துணிந்தோம்.

"காக்கா, இது உங்களுக்கேன்? ஒர்க்ஷாப்பில் விட்டால் அரைமணி வேலை" என்றார் தம்பி. உண்மைதான். ஆனால் அங்கே கழற்றிய ஃபில்டர் நேரே குப்பைக்குப் போகும். அதன் வயிற்றில் என்ன இருந்தது என்பதைப் பில்லில் எவரும் எழுதித் தருவதில்லை. நமக்கு வேண்டியிருந்தது அச்செய்தியே.

எஞ்சின் ஆறிய பின், குடுவையின் மேற்புறத்தையும் குழாய் மூட்டுகளையும் நூலுதிராத துணியால் துடைத்தோம். கழற்றுவதற்கு முன் துடைப்பதே இவ்வேலையில் பாதி. சிந்தும் டீசல் ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அடியில் ஒரு தட்டை வைத்து, குடுவையின் அடித்திருகைத் தளர்த்தி, வழிந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஏந்தி, அசையாமல் வைத்தோம். சற்று நேரத்தில் பொன்னிற டீசல் மேலே நிற்க, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனித்து நின்றது. அதற்கும் கீழே செந்துருப் பொடி!

புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது டீசலைத் தடவிக் கையாலேயே திருகினோம். எவ்வளவு இறுக்குவது என்பதைக் குடுவையின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சிலர் காற்றைக் குறைக்கவென்று நடுத்துளையில் டீசலை ஊற்றி நிரப்புவர். நம் வண்டியிலுள்ள குடுவையில் அத்துளை, வடிந்த எண்ணெய் வெளியேறும் வழி. அங்கே ஊற்றியது வடிபடாமலே பம்புக்குச் சென்றுவிடும். ஆகவே வெறுமையாகவே பொருத்தினோம்.

அப்படியானால் உள்ளே காற்று நிற்குமே எனலாம். நிற்கத்தான் செய்யும். காற்று அழுந்திச் சுருங்கும் இயல்புடையது, எண்ணெய் அவ்வாறன்று. வழியில் காற்றிருந்தால் பம்பின் அழுத்தமெல்லாம் அதிலேயே வீணாகி, எஞ்சின் ஓடாது. மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்தினோம். முதலில் சீற்றம், பின்னர் நுரை, பின்னர் குமிழியற்ற தெளிந்த டீசல். திருகை மூடியபின் கைப்பம்பு கல்லைப் போல் இறுகிற்று. அதன் பின்னரே சாவியைத் திருப்பினோம். இரண்டாம் முறையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பிந்திய காமன் ரெயில் வண்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் உயரழுத்தக் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் ஓடும். அந்தப் பீச்சல் தோலையே துளைத்துவிடும். அக்குழாய்களில் கை வைக்கலாகாது. ஜுமுஆவுக்கு முன்னும் இவ்வேலையைத் தொடாதிருப்பது நலம். டீசல் வாடை சோப்புக்கு எளிதில் பணிவதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாம் டாங்கியைக் காற்பங்கு அளவிலேயே வைத்திருப்பவர்கள். வெற்றிடத்தில் நிற்கும் காற்றின் ஈரம் இரவின் குளிர்ச்சியில் நீராகி அடியில் தங்கும், எங்களூரோ கடலோரம். இப்போது திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போதே டாங்கியை நிரப்பிவிடுகிறோம். இரு மாதங்கள் கழித்து அடித்திருகைத் திறந்தபோது, குப்பியில் உளுந்தளவு நீரே இறங்கிற்று. அருகில் நின்று பார்த்த தம்பிக்குத் தம் வண்டியின் ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்பது நினைவுக்கு வரவில்லை. வரும் சனிக்கிழமை அதனையும் திறப்பதாக இருக்கிறோம்.