கார்டன் ரீச்: சட்டையில் எழுதிய பெயர்

கொல்கத்தாவின் கிதிர்ப்பூரிலிருந்து கார்டன் ரீச்சுக்குப் போகிற வழியில் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. துறைமுகத்துக்குள் கப்பல் நுழைய வேண்டுமென்றால் பாலம் எழும்பி வானத்தைப் பார்த்து நின்றுவிடும். பஸ், லாரி, ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் இந்தப் பக்கம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்த ஒரு மாலையில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். பத்து வயதுக்கு மேல் இராது. காலில் ரப்பர் செருப்பு, கையில் காற்றுக் குறைந்த பந்து. உடம்பில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் ஒன்றின் சட்டை. நெஞ்சுக்குக் குறுக்கே பெரிய எழுத்தில் ஒரு பெயர். கிளப்பின் பெயர் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அது ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்.

சட்டை இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல. பக்கத்து மெட்டியாபுருஜில் தைத்தது என்றான். அங்கே வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது. தையல் பட்டறைக்காரர்களை 'ஒஸ்தாகர்' என்பார்கள். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் நூல் பிசகாமல் நகல் எடுத்துவிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் சிறுவர் அளவுச் சட்டைகளில் சூதாட்ட நிறுவனத்தின் பெயரைப் போடுவதில்லை என்று 2007 முதல் ஒரு விதி இருக்கிறது. கார்டன் ரீச் தையல்காரருக்கு அந்த விதி எப்படித் தெரியும்? லண்டன் சிறுவனுக்குக் கிடைக்காத சட்டை இந்தச் சிறுவனுக்குக் கிடைத்துவிட்டது.

பாலம் இறங்கியது. பையன் பந்தோடு கூட்டத்தில் மறைந்தான். கார்டன் ரீச்சில் நான் சுற்றிய அத்தனை நாளும் அந்தச் சட்டை மட்டும் கண்ணைவிட்டு அகலவில்லை.

கார்டன் ரீச் என்ற பெயரில் தோட்டம் இருக்கிறதே தவிர, ஊரில் இப்போது அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஹூக்ளி ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்களின் தோட்ட பங்களாக்கள் வரிசையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. 1856இல் அவத் ராஜ்யத்தைப் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா இங்கேதான் வந்து சேர்ந்தார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம். அதை வைத்துக்கொண்டு இந்த ஆற்றங்கரையிலேயே இன்னொரு லக்னோவைக் கட்டினார். இசை, கதக், மிருகக்காட்சி சாலை, புறாக்கள், காற்றாடிகள் எல்லாம் வந்தன. 1887இல் அவர் இறந்தபின் அந்தச் சிறிய லக்னோ கலைந்துபோனது. சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவரோடு வந்த தையல்காரர்களின் தொழிலும் காற்றாடியும் மட்டும் இன்றும் தங்கியிருக்கின்றன.

நவாபுக்குப் பிறகு இந்த ஊருக்குச் சோறு போட்டவை மூன்று: துறைமுகம், கப்பல் கட்டும் தளம், ரயில்வே. கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தை 1960இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான 'அஜய்' 1961இல் இங்கிருந்துதான் கடற்படைக்குப் போனது. பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமை அலுவலகமும் இங்கேதான் இருந்தது. இப்போது அது தென்கிழக்கு ரயில்வே. ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னமும் 'பி.என்.ஆர்.'தான்.

அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் கொல்கத்தாவின் பழைய கால்பந்து ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பி.என்.ஆர். ஒரு கால்பந்து அணியும்கூட. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கும் தண்ணீர் காட்டிய ஆபீஸ் அணி. துளசிதாஸ் பலராம் 1963இல் வந்து சேர்ந்தது இந்த அணியில்தான். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்ஸ் ஆடியவர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். அதே அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் தமிழர்தான். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடியவர்.

பலராம் ஈஸ்ட் பெங்காலின் செல்லப்பிள்ளை. லட்சக்கணக்கான ரசிகர்களை விட்டுவிட்டு அவர் ஒரு ரயில்வே அணிக்கு ஏன் வந்தார்?

"வேலை சார், வேலை!" என்கிறார் ரயில்வே குடியிருப்புக்கு அருகே டீக்கடையில் சந்தித்த முதியவர். கும்பகோணத்துப் பக்கம். எழுபதுகளில் குமாஸ்தாவாக வந்து இங்கேயே ஓய்வு பெற்றுவிட்டார். "கிளப்பு குடுக்குற காசு இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வராது. கால் உடஞ்சா அதுவும் நின்னு போயிடும். ஆபீஸ்ல ஒண்ணாந்தேதி சம்பளம், ரிட்டையர் ஆனா பென்ஷன். எங்க செக்ஷன்லயே ரெண்டு ஆட்டக்காரங்க இருந்தாங்க. மத்தியானம் பிராக்டீஸுக்குப் போயிடுவாங்க. அவங்க ஃபைலையும் நாங்கதான் பாப்போம்." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

பலராம் விஷயத்தில் அந்தக் கணக்கு பலித்தது. நுரையீரல் நோயால் 27 வயதிலேயே பூட்ஸைக் கழற்றும்படி ஆயிற்று. ஆனால் வேலை இருந்தது. 2023 பிப்ரவரியில் காலமானார்.

அந்தக் காலத்துக் கால்பந்து பரிசுத்தமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெயருக்குத்தான் அமெச்சூர்; கிளப் தாவும் சீசனில் கைமாறிய பணம் தனிக் கதை. ஆனாலும் ஆட்டக்காரரின் அடுப்பு எரிந்தது யார் பணத்தில் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அது ரயில் டிக்கெட் வாங்கியவனின் பணம், துறைமுகத்துக் கூலி, சுங்கக் கட்டணம். அணியின் பெயரிலேயே அது எழுதியிருந்தது.

டீக்கடையிலிருந்து கிளம்பி, கேட்டுக் கேட்டு ஷாஹி அஸ்தபல் சந்துக்குப் போனேன். அரச குதிரை லாயம் என்று அர்த்தம். நவாபின் குதிரைகள் கனைத்த இடத்தில் இன்று மாடி வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. 2022 செப்டம்பர் 10 அன்று நாடு முழுவதும் இந்தச் சந்தைத் தொலைக்காட்சியில் பார்த்தது. போக்குவரத்துத் தொழில் செய்யும் ஒருவரின் வீட்டுக்குள் அமலாக்கத் துறை நுழைந்தது. கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பைகளில் கட்டுக் கட்டாக நோட்டுகள். பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்கள். வங்கி ஊழியர்கள் எண்ணும் இயந்திரங்களோடு வந்து எண்ணி முடிக்க இரவாகிவிட்டது. மொத்தம் ரூ 17.32 கோடி. டிரங்குப் பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

'இ-நக்கெட்ஸ்' என்ற கைப்பேசி விளையாட்டுச் செயலியின் பணம் அது என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. செயலியை நடத்தியதாகச் சொல்லப்படும் அந்த வீட்டு இளைஞர் அந்த மாதமே காஜியாபாத்தில் பிடிபட்டார்.

அமலாக்கத் துறை சொல்லும் கதை எளியது. ஆட்டத்தில் சேருகிறவருக்கு முதலில் கமிஷன் கிடைக்கும். கணக்கில் சேர்ந்த பணத்தைத் தடையில்லாமல் எடுக்கலாம். நம்பிக்கை வந்ததும் அவர் பெரிய தொகையைப் போடுவார். பெட்டி நிறைந்த பிறகு ஒருநாள் பணம் எடுக்க முடியாமல் போகும். கேட்டால் கணினி அமைப்பை மேம்படுத்துகிறோம் என்று பதில் வரும். கடைசியில் செயலியில் இருந்த தகவல்கள் அனைத்தும் துடைக்கப்பட்டிருக்கும். 

இதைக் கேட்டதும் கொல்கத்தாக்காரர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வராமல் இராது: சாரதா. கிராமத்து ஏழைகளிடம் சீட்டுப் பணமாக வசூலித்து, 2013 ஏப்ரலில் சரிந்து விழுந்த நிறுவனம். விழுவதற்கு முன் அது ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் பணம் கொடுத்தது. பெரிய கிளப்பின் பக்கத்தில் ஒரு பெயரைப் பார்த்தால் பாமர மக்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. 2014இல் சி.பி.ஐ. இந்த வழக்கில் இரண்டு கிளப்புகளின் நிர்வாகிகளையும் கைது செய்தது. மைதானத்தில் கொடி பிடித்தவனும் சீட்டுக் கட்டி ஏமாந்தவனும் பல வீடுகளில் ஒரே ஆள். ஸ்பான்ஸர் கிளப்புக்குத் தந்தது அவன் பணத்தில் ஒரு துளிதான்.

அதற்கும் முன்னால், 1998இல், மதுபானக் குழுமம் ஒன்று இரண்டு கிளப்புகளிலும் பங்கு வாங்கியது. ஒன்று 'மெக்டவல் மோகன் பகான்' ஆனது, இன்னொன்று 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்'. மது விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியில் தடை. கிளப்பின் பெயரைச் சொல்வதற்கு ஏது தடை? அந்த வித்தையைத்தான் பிற்பாடு பந்தய நிறுவனங்கள் கற்றுக்கொண்டன. பெயருக்குப் பின்னால் 'நியூஸ்' என்றும் 'ஸ்போர்ட்ஸ்' என்றும் ஒரு வாலை ஒட்டிக்கொண்டு இந்திய விளையாட்டுச் சட்டைகளில் ஏறின. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூனிலும் அக்டோபரிலும் எச்சரிக்கை விடுத்தது. வால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

தலை இருப்பது இங்கிலாந்தில். 2002இல் ஃபுல்ஹாம் கிளப்பின் நெஞ்சில் 'பெட்ஃபேர்' என்ற பெயர் ஏறியது. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் விளம்பரக் கதவைத் திறந்துவிட்டது. 2024-25 சீசனில் பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளில் 11 கிளப்புகளின் நெஞ்சில் சூதாட்டப் பெயர்கள். அவற்றில் பலவற்றை லண்டன் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு வாடிக்கையாளர் அங்கே இல்லை. நள்ளிரவில் கண் விழித்து ஆட்டம் பார்க்கும் ஆசியாவில் இருக்கிறார். தூக்குப் பாலத்துப் பையன் கண்ட சட்டை, ஒரு வகையில் அவனுக்காகவே எழுதப்பட்டதுதான்.

பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஐவன் டோனிக்கு 2023 மேயில் எட்டு மாதத் தடை விதித்தார்கள். பந்தய விதிகளை 232 முறை மீறியதாக அவரே ஒப்புக்கொண்டார். சூதாட்டப் பழக்கம் ஒரு நோயாகவே அவரைப் பீடித்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. அவர் கோல் அடித்தபோதெல்லாம் மார்பில் இருந்ததும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்தான். ஆட்டக்காரர் பந்தயம் கட்டினால் தண்டனை. பந்தயத்தைச் சுமந்தால் சம்பளம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, பிரீமியர் லீக் கிளப்புகள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தன. 2025-26 சீசனோடு சட்டையின் முன்புறத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை எடுத்துவிடுவது. சட்டைக் கையில் இருக்கலாம், மைதானத்து விளம்பரப் பலகையில் ஓடலாம். நெஞ்சிலிருந்து கைக்கு இறங்குவதற்கே இவ்வளவு காலம்!

இந்தியா வேறு வழியில் போனது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் இல்லை. ஆன்லைன் ரம்மியைத் தமிழ்நாடு தடை செய்யப்போய், அது திறமை விளையாட்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியதே, அந்த வாதத்துக்கு இனி இடமில்லை என்று டெல்லி சொல்லிவிட்டது. விளம்பரம் செய்தாலே இரண்டு ஆண்டு சிறை, 50 லட்சம் அபராதம். சில நாட்களில் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து 'ட்ரீம் 11' இறங்கியது. சில வாரங்களில் ஒரு டயர் கம்பெனி ஏறியது.

கிரிக்கெட்டுக்கு டயர் கம்பெனி கிடைக்கும். கால்பந்துக்கு? இந்த ஊரின் பிரியத்துக்குரிய கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற அணி. கிதிர்ப்பூரிலும் மெட்டியாபுருஜிலும் அதன் கறுப்பு வெள்ளைக் கொடி பறக்காத தெரு குறைவு. 2024-25இல் அது முதல்முறையாக ஐ.எஸ்.எல். ஆடியது. கடைசி இடம். சீசன் நடுவில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. பயிற்சிக்கு வர மறுத்தார்கள். லீக்கை நடத்தும் உரிமைக்கே 2025இல் டெண்டர் விட்டபோது ஒருவரும் கேட்க வரவில்லை.

கீழ்த்தட்டில் நிலைமை இன்னும் மோசம். கல்கத்தா லீக்கில் ஆட்டங்களை முன்கூட்டியே பேசி முடிக்கிறார்கள் என்ற புகாரில் 2025 நவம்பரில் போலீஸ் கைது நடவடிக்கையில் இறங்கியது. அதில் அடிபட்டது பாலத்துக்கு அந்தப் பக்கத்து கிதிர்ப்பூரின் பெயரைத் தாங்கிய கிளப். காலியான மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் மேலும் எங்கிருந்தோ ஒருவர் பந்தயம் கட்டலாம். சம்பளம் வராத ஆட்டக்காரரிடம் பேரம் பேச அதிக நேரம் ஆகாது.

ஆகவே, அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, பிறகு யார் பணம் என்பது. பி.என்.ஆர். காலம் திரும்பி வராது. ஆட்டக்காரருக்காக நாற்காலி போட்டுவைக்கும் அலுவலகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ரசிகன் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் ஒரு கிளப் நடக்காது. இந்த இடைவெளியில்தான் சாராயமும் சீட்டும் சூதாட்டமும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மூன்றும் ரசிகனின் பையிலிருந்து எடுத்ததைக் கிளப்புக்குக் கொடுத்து, வள்ளல் என்று பெயர் வாங்கிக்கொண்டன.

திரும்பும்போது மறுபடியும் தூக்குப் பாலம். பாலத்துக்கு அருகே ஒரு மண்தரையில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். செங்கல் வைத்துக் கோல். அந்தப் பையனும் இருந்தான். எதிரணியிலும் ஒருவன் அதே சட்டை போட்டிருந்ததால் ஒரு அணி சட்டையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டும் என்று முடிவானது. அவன் கழற்றிச் சுருட்டி, கோலுக்குச் செங்கல் போதவில்லை என்று அதையே ஒரு கம்பமாக வைத்தான்.

ஆட்டம் தொடங்கியது. கம்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.