கரையில் நின்றவர்கள்

‘சஃபாரி’ என்னும் சொல்லுக்குச் சுவாஹிலி மொழியில் ‘பயணம்’ என்பதே பொருள். இதை நைரோபியில் என் மகள் சொன்ன பிறகுதான் என் மனத்திலிருந்த கூச்சம் சற்றுக் குறைந்தது. 73 வயதில், காசி, ராமேசுவரம் என்று போக வேண்டிய காலத்தில், சிங்கம் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போகிறாரே என்று நாலு பேர் நினைக்க மாட்டார்களா? ஆனால் போய் வந்த பிறகு அதையும் ஒரு யாத்திரை என்றே எண்ணுகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கபிஸ்தலத்துக்கு அருகில் இருக்கிறது. கஜேந்திர வரதர் பள்ளிகொண்டிருக்கும் அந்தத் தலம் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவார்கள். என் மனைவி சனிக்கிழமை தவறாமல் அங்கே போவாள். நைரோபியிலிருந்து பேரன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துக் கஜேந்திர மோட்சத்தைச் சொல்லுவாள். முதலை காலைக் கவ்வியது, யானை “ஆதிமூலமே” என்று அழைத்தது, பெருமாள் கருடன் மேல் பறந்து வந்தார், யானை பிழைத்தது. அத்துடன் கதை முடிந்துவிடும். “பாட்டி, எங்கள் பக்கம் நிறைய யானைகள் இருக்கின்றன. நீங்கள் வந்தால் காட்டுகிறேன்” என்பான் பேரன். “வருகிறேன் கண்ணா” என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வாக்கு நிறைவேறவில்லை. சென்ற ஆண்டு ஆனி மாதம் அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் அமர்ந்து 11 நாட்கள் விஷ்ணு சஹஸ்ரநாமம் சொன்னேன். 12ஆம் நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். அதன் பிறகும் நித்திய பாராயணத்தை நான் விடவில்லை. ஆனால் வாய் சொல்லிற்று, மனம் சொல்லவில்லை. “கூப்பிட்டேனே, நீ ஏன் வரவில்லை?” என்ற கேள்வி உள்ளேயே கிடந்தது. அதை வெளியே சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

வருஷாப்திகம் முடிந்ததும் மகள் பிடிவாதமாக அழைத்தாள். “அம்மா வருவதாகச் சொன்ன இடம் அப்பா. நீங்களாவது வந்து பாருங்கள்” என்றாள். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. கென்யாவுக்குப் போய் வருபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். 60 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசித்த பிறகே அதைப் போட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்குமோ என்று பயந்தேன், இருக்கவில்லை. சப்பாத்தி அந்த நாட்டு மக்களுடைய அன்றாட உணவாகவே ஆகிவிட்டது, பெயரும் சப்பாத்திதான்.

ஆகஸ்டு மாதத்தில் மாசாய் மாரா வனத்துக்குப் போனோம். பிளவுப் பள்ளத்தாக்கின் சரிவில் இறங்கி, நாரோக் என்ற ஊரைத் தாண்டி அரை நாள் சாலைப் பயணம். எங்கள் ஓட்டுநர் மாசாய் இனத்தவர். விலங்குகளைப் பற்றி ஆசிரியரைப் போல நிதானமாகச் சொல்லுவார். கண்ணுக்கு எட்டிய வரையில் புல்வெளி. எங்கள் வண்டியின் நிழலில் ஒரு பெண் சிங்கம் வந்து படுத்துக்கொண்டது. கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. அதன் மூச்சில் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நாங்கள் பேச்சற்று இருந்தோம்.

அங்கே ‘வில்டபீஸ்ட்’ என்ற விலங்கு கணக்கற்றுத் திரிகிறது. மாட்டைப் போன்ற தலையும் தாடியும் உடைய மான் இனம் அது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை, லட்சக்கணக்கான வரிக்குதிரைகளோடு சேர்ந்து, மழையையும் புல்லையும் தேடித் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு வந்து திரும்புகின்றன. தெற்கிலிருந்து மேற்கு, வடக்கு, கிழக்கு என்று ஆண்டுதோறும் வலமாகவே சுற்றி வருகின்றன என்று ஓட்டுநர் சொன்னார். பிரதட்சிணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாதையின் குறுக்கே மாரா ஆறு ஓடுகிறது. கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நின்ற விலங்குகள் நெடுநேரம் தயங்கின. பிறகு ஒன்று குதித்தது. உடனே எல்லாம் குதித்தன. புழுதியும் கத்தலுமாக நீர் கொந்தளித்தது. அதில் ஆறு மாதக் கன்று ஒன்று தாயை ஒட்டி நீந்தி வந்தது. கரையேற நாலு அடிதான் இருந்தது. நீருக்கடியிலிருந்து எழுந்த முதலை அதன் பின்னங்காலைக் கவ்விற்று. கன்று இரண்டு முறை கத்தியது. அவ்வளவுதான். தாய் கரையேறித் திரும்பி நின்றது. கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது மட்டும் கரையோரமாக ஓடி ஓடிக் குரல் கொடுத்தது.

ஒன்பது வயதுப் பேரன் என் கையை இறுகப் பற்றியிருந்தான். “தாத்தா, அதுவும் கூப்பிட்டதே. பெருமாள் ஏன் வரவில்லை?” என்று கேட்டான்.

ஓராண்டாக நான் ஒளித்து வைத்திருந்த கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. ஓட்டுநர்தான் மெல்லச் சொன்னார்: “முதலைக்கும் பசிக்கும் தம்பி. இந்தக் கூட்டம் வராத காலத்தில் அது மாதக்கணக்கில் இரை இல்லாமல் கிடக்கும்.” பேரனுக்கு அது சமாதானமாகவில்லை. அன்றிரவு கூடாரத்துக்கு வெளியே கழுதைப்புலிகள் கூவிக்கொண்டிருந்தன. அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

நைரோபிக்குத் திரும்பி ஒரு நாள் இளைப்பாறிய பின், தெற்கே அம்போசெலி தேசியப் பூங்காவுக்குப் போனோம். விடியற்காலையில் மேகம் விலகியபோது, எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலை தெரிந்தது. உயரம் 5,895 மீட்டர், உச்சியில் வெண்பனி. அந்த மலைக்கு மூன்று சிகரங்கள் என்று ஓட்டுநர் சொன்னதும் எனக்கு மெய் சிலிர்த்தது. கஜேந்திரன் வாழ்ந்த திரிகூட மலைக்கும் மூன்று சிகரங்கள் என்றுதானே ஸ்ரீமத் பாகவதம் சொல்லுகிறது! இதுதான் அது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மலையடிவாரத்தில், மலைநீர் பூமிக்குள் இறங்கி ஊற்றெடுக்கும் சதுப்பு ஏரியில், யானைகள் வயிறளவு நீரில் நின்று கோரையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது, என் மனைவி சொன்ன கதைக்குள்ளேயே நுழைந்துவிட்டதாகத் தோன்றிற்று. முதுகுகளின் மேல் வெண்கொக்குகள் உட்கார்ந்திருந்தன.

அந்த யானைகளை 1972ஆம் ஆண்டு முதல் சிந்தியா மாஸ் என்ற அம்மையார் ஆராய்ந்து வந்திருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பெயரிட்டே அடையாளம் காண்கிறார்கள். குடும்பத்தை நடத்துவது மூத்த பெண் யானைதான். நீர் எங்கே, ஆபத்து எங்கே என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும்; ஆறாவதும் தேய்ந்துவிட்டால் கடினமான தீனியை மெல்ல முடியாது. அப்போது வயதான யானைகள் சதுப்பில் வளரும் மென்மையான தழையை நாடி வருமாம். பல் செட்டு வைத்திருக்கும் எனக்கு அந்தச் செய்தி நெருக்கமாகவே இருந்தது.

சதுப்பின் ஓரத்தில் ஒரு யானையின் மண்டை ஓடு வெளுத்துக் கிடந்தது. கரையேறி வந்த குடும்பம் அங்கே வந்ததும் நின்றுவிட்டது. முதலில் மூத்த யானை துதிக்கையை நீட்டி நெற்றி எலும்பைத் தடவியது. பிறகு ஒவ்வொன்றாக வந்து தொட்டன. குட்டிகூட நுனித் துதிக்கையால் தொட்டுப் பார்த்தது. ஓசையே இல்லை. சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, எல்லாம் மேய்ச்சலுக்கு நடந்தன. அவளைப் போலவே நெற்றியைத் தடவி விடைபெற்ற ஒரு விடியற்காலை எனக்கு நினைவுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் கஜேந்திரன் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டிருக்கிறோம்! யானை பிழைத்துப் பழையபடி கூட்டத்தோடு காட்டுக்குத் திரும்பியதாகப் பாகவதம் சொல்லவில்லை. முன்பிறவியில் பாண்டிய மன்னன் இந்திரத்யும்னனாக இருந்த கஜேந்திரன், இந்த யானை உடம்போடு இன்னும் வாழ வேண்டும் என்று வேண்டவுமில்லை. அறியாமையிலிருந்து விடுதலையைத்தான் வேண்டினான். பகவான் அவனுக்குத் தம்முடைய வடிவத்தையே கொடுத்துத் தம்மோடு அழைத்துப் போனார். முதலையும் சாபத்தால் அப்படி ஆன ஹூஹூ என்ற கந்தர்வன்தான். சக்கரம் பட்டு அவனும் விடுதலை பெற்றான். கடித்தவனுக்கும் கடிபட்டவனுக்கும் ஒரே கை அருளியது.

அப்படியானால் கரையில் நின்ற பெண் யானைகளும் குட்டிகளும் எதைக் கண்டிருக்கும்? இழுத்துப் பார்த்தும் மீட்க முடியாத அந்தக் கூட்டத்துக்குக் கஜேந்திரன் திரும்பி வரவேயில்லை. கருடனும் பீதாம்பரமும் கூப்பிட்டவனுக்குத்தானே எதிரே நின்றன? மருத்துவமனைப் பெஞ்சில் நான் இருந்ததும் அந்தக் கரையில்தான். பெருமாள் வரவில்லை என்று நான் எதை வைத்துச் சொன்னேன்?

பேரனிடம் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படியானால் அந்தக் கன்றிடமும் வந்திருப்பாரா?” என்றான். “எனக்குத் தெரியாது கண்ணா. நாம் கரையில் இருந்தோம். ஆனால் வரமாட்டார் என்று இனி நான் சொல்ல மாட்டேன்” என்றேன். அவன் சற்று யோசித்து, “பாட்டிக்கு இந்த மீதிக் கதை தெரியுமா?” என்று கேட்டான். “இப்போது தெரிந்திருக்கும்” என்றேன். மகள் முன் இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, ஒரு தாமரைப் பூ வாங்கிக்கொண்டு கபிஸ்தலம் போனேன். அவள் வழக்கமாக நிற்கும் தூணருகே நின்று சஹஸ்ரநாமம் முழுவதையும் சொன்னேன். 14 மாதங்களுக்குப் பின் அன்று மனமும் கூடவே சொல்லிற்று.