அண்டையில் ஒரு சிறுத்தை

மும்பையின் வடபகுதியில், போரிவலி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஒரு பெருங்காடு இருக்கிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்காட்டில் துளசி, விகார் என்னும் இரண்டு ஏரிகள் உள்ளன, பௌத்தத் துறவிகள் வாழ்ந்த கன்னேரிக் குகைகள் உள்ளன, சிறுத்தைகளும் உள்ளன. காட்டின் விளிம்பை ஒட்டியே அடுக்குமாடி வீடுகளும் குடிசைகளும் நெருங்கி நிற்கின்றன.

2004ஆம் ஆண்டில் இப்பகுதியில் சிறுத்தை தாக்கிப் பலர் உயிரிழந்தனர். மக்களின் அச்சம் பெருகியது. கூண்டு வைத்துப் பிடிப்பது மட்டுமே இதற்குத் தீர்வாகாது என்பதை உணர்ந்த வனத்துறை, 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர்களோடும் தன்னார்வலர்களோடும் இணைந்து ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் மக்களிடம் நேரில் பேசுவதே அதன் நோக்கம்.

தமிழாசிரியரான நான், ஒருமுறை எங்கள் மாணவர்களுடன் அப்பூங்காவின் இயற்கைத் தகவல் மையத்திற்குச் சென்றிருந்தேன். "சிறுத்தைகளைப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிட்டால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். காட்டின் விளிம்பிலுள்ள குடியிருப்பில் வாழ்பவன் அவன். வழிகாட்டி புன்னகைத்து, "உன்னை யாரேனும் வேறோர் ஊரில் கொண்டுபோய் விட்டால் நீ என்ன செய்வாய்?" என்று இந்தியில் திருப்பிக் கேட்டார். "வீட்டுக்குத் திரும்பி வர முயல்வேன்" என்றான் அவன். "சிறுத்தையும் அப்படித்தான்" என்றார் அவர்.

பிறகு அவர் விளக்கினார். ஒரு சிறுத்தையை அகற்றினால் அதன் இடத்திற்கு மற்றொன்று வந்துவிடும். அகற்றப்பட்ட சிறுத்தையோ, பழக்கமில்லாத இடத்தில் தடுமாறி மனிதர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். தெருவில் கொட்டும் உணவுக் கழிவைத் தேடி நாய்கள் வருகின்றன. நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது. ஆகவே குப்பையை அகற்ற வேண்டும். இருட்டில் குழந்தைகளைத் தனியே அனுப்பக் கூடாது. கைவிளக்குடன் உரக்கப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடி அதனை மிரட்டக் கூடாது. இக்காட்டில் வாழும் வார்லிப் பழங்குடியினர் வாகோபா என்னும் புலித் தெய்வத்தை வழிபட்டு, இவ்விலங்குகளுக்கு அருகிலேயே நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர் என்றும் கூறினார்.

சில நாள்களுக்குப் பின், அம்மாணவனின் கட்டுரை ஏட்டைத் திருத்தும்போது ஒரு செய்தியைப் படித்தேன். அவனுடைய பாட்டி திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். இந்தியும் மராத்தியும் அறியாதவர். மீந்த சோற்றை வீட்டின் பின்புறம் கொட்டுவது அவர் வழக்கம். மையத்தில் கேட்டவற்றையெல்லாம் அவன் அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருக்கிறான். "அது நம்ம பிள்ளைய ஒண்ணும் செய்யாதாய்யா?" என்று கேட்ட பாட்டி, மறுநாள் முதல் மீந்ததைக் குப்பைத்தொட்டியில் சேர்க்கிறார். இரவில் பொதுக் கழிப்பறைக்குச் செல்லும் தங்கையுடன் அவன் கைவிளக்கேந்தி, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டு நடக்கிறான்.

வனத்துறையினர் தெருமுனை வரை வந்து பேச இயலும். அடுக்களையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் அச்செய்தியைக் கொண்டுசேர்க்க, அவருடைய மொழி அறிந்த ஒரு பிள்ளை வேண்டும். அன்று அந்த ஏட்டில் எழுத்துப்பிழைகள் பல இருந்தன. அவற்றைத் திருத்திய பின், முழு மதிப்பெண் அளித்தேன்.

சிந்தித்து விடை எழுதுக:
1. சிறுத்தையை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது ஏன் தீர்வாகாது?
2. பாட்டியின் வழக்கம் மாறியதற்குக் காரணம் யாது?
3. பள்ளியில் அறிந்த ஒரு செய்தியை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் தமிழில் கூறி, அவர் கேட்ட வினாக்களை எழுதுக.