எழுதாத கடன்

நண்பர் கைமாற்றுக் கேட்பதும், இல்லையென்னாது நாம் கொடுப்பதும் நம் குடும்பங்களில் வழக்கமானவையே. வட்டியை விலக்கிய சமுதாயத்தில் இது இன்றியமையாத உதவியுமாகும். ஆயினும், "நமக்குள் எழுத்து எதற்கு?" என்னும் ஒரு சொல்லே நல்ல நட்புகள் பலவற்றை முறித்துவிடுகிறது.

என் வாப்பாவும் அவர்களின் இளமைத் தோழர் ஒருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். 1994இல் அத்தோழர் வளைகுடா செல்ல விசாவுக்கென 25,000 ரூபாய் கேட்டார். வாப்பா கடை முதலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எழுத்தில்லை, தவணையில்லை, சாட்சியுமில்லை. போன இடத்தில் சொன்ன வேலை கிடைக்காமல், இரண்டு ஆண்டுகளில் அவர் வெறுங்கையுடன் திரும்பினார். மஃரிபுக்கு வாப்பாவுடன் ஒரே ஸஃப்பில் நின்றவர், அதன்பின் வேறு பள்ளிக்குச் செல்லலானார். கடைத்தெருவில் வாப்பாவைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

வாப்பா ஒருநாளும் பணத்தைக் கேட்டதில்லை. மனத்தளவில் அதை விட்டுக்கொடுத்தும் இருந்தார்கள். அதைச் சொல்லப் போனால், பணம் கேட்க வந்ததாக அவர் கூசிப்போவாரே என்று தயங்கி, நாள்களைக் கடத்தினார்கள்.

2003இல் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன், நம் வழக்கப்படி மூத்த மகன் எழுந்து, தம் தந்தை யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் தம்மிடம் தெரிவிக்குமாறு அறிவித்தார். இந்தக் கடன் அவருக்குத் தெரியாது. அடக்கம் முடிந்தபின் வாப்பா அவரைத் தனியே அழைத்து, "உங்க வாப்பாவோடு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை நான் எப்போதோ ஹலாலாக்கிவிட்டேன்" என்றார்கள்.

"அவங்க ஹயாத்தோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்று கேட்டு அந்த மகன் அழுதார். வாப்பாவிடம் பதிலில்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதே (2:282). தவணை குறிக்கவும், சாட்சி வைக்கவும், தொகை சிறிதாயினும் எழுதச் சலியாதிருக்கவும் அது பணிக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவரே என்பதைக் கவனியுங்கள். எழுத்து அவருடைய மானத்துக்கும் காவல். தவணை நாள் வந்தால் இருவரும் பேசித்தான் ஆகவேண்டும். இல்லாதவர் அவகாசம் கேட்கலாம், இயன்றவர் விட்டுக்கொடுக்கலாம். இவ்விரண்டையும் அதற்கு முன்னுள்ள 280ஆம் வசனம் கற்பிக்கிறது. எழுதாத கடனுக்கோ அந்த நாள் வருவதேயில்லை.

நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, கைமாற்றுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் பொதுவாக 3 ஆண்டுகளே. மார்க்கத்திலோ, ஆண்டுகள் கடந்ததால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே, திரும்பி வராவிடினும் உங்கள் வீடு தாங்கக்கூடிய தொகையையே கொடுங்கள். தொகையையும் தவணையையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, சாட்சியும் வையுங்கள். இரு வீட்டாரும் அதை அறிந்திருக்கட்டும். என்றேனும் அக்கடனை மன்னிக்க உங்கள் மனம் நாடினால், அன்றே அவரிடம் சென்று சொல்லிவிடுங்கள்.